கிட்டாரில் கை வேகம்: அளப்பதும் கூட்டுவதும்

கிட்டார் கற்கத் தொடங்கிய ஆறேழு மாதத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே கேள்வி வந்துவிடுகிறது: "ஸ்பீடு எப்படி வரும்?" கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) எல்லாம் பிடிக்க வருகிறது. மெதுவாக வாசித்தால் பாட்டு பாட்டாகவே கேட்கிறது. ஆனால் ஒரிஜினல் வேகத்துக்குப் போனதும் விரல் பின்னிக்கொள்கிறது. யாரிடம் கேட்டாலும் "பிராக்டிஸ் பண்ணு, தானா வரும்" என்பார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி இதுதான்: வேகத்தை எண்ணில் அளக்கலாம், எந்த இடத்தில் தடைப்படுகிறது என்று பிரித்துப் பார்க்கலாம், அந்த இடத்தை மட்டும் எடுத்துச் சரிசெய்யலாம். அப்படிப் பிரிக்காமல் மொத்தத்தையும் வேகமாக வாசித்துத் தள்ளுகிறவர்கள், நாளடைவில் பிழையோடு வாசிக்கவே பழகிவிடுகிறார்கள். அதை அப்புறம் கையிலிருந்து எடுப்பது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

எண் என்ன சொல்கிறது?

"நான் 140இல் வாசிக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அதிலிருந்து நமக்கு ஒன்றும் தெரியாது. 140 என்பது பிபிஎம், அதாவது மெட்ரோனோம் (சீராகத் தட்டிக் காட்டும் கருவி) ஒரு நிமிடத்தில் எத்தனை முறை தட்டுகிறது என்ற கணக்கு. தட்டுக்கு எத்தனை நோட் (ஸ்வரம்) வாசித்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வேகம். தட்டுக்கு ஒரு நோட் என்றால் 140 என்பது கிட்டாரைத் தொட்டுச் சில மாதமே ஆனவர்கூட எட்டக்கூடியது. அதே 140இல் தட்டுக்கு நான்கு நோட் என்றால் நொடிக்கு ஒன்பதைத் தாண்டிவிடுகிறது. அதைச் சுத்தமாக வாசிக்கப் பல வருஷம் ஆகலாம்.

கணக்கு எளிதுதான். பிபிஎம்மைத் தட்டுக்கு எத்தனை நோட்டோ அதனால் பெருக்கி, 60ஆல் வகுத்தால், நொடிக்கு எத்தனை நோட் என்று வந்துவிடும். தட்டுக்கு நான்கு என்று வைத்துக்கொண்டால் 60 பிபிஎம்மில் நொடிக்கு 4 நோட், 90இல் 6, 120இல் 8, 150இல் 10. தட்டுக்கு மூன்றாக 160இல் வாசிப்பதும், நான்காக 120இல் வாசிப்பதும் ஒன்றுதான், இரண்டுமே நொடிக்கு 8. உங்கள் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட வேண்டுமென்றால் இந்தக் கடைசி எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

கர்நாடக சங்கீதம் கொஞ்சமாவது கற்றவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடும்போது தாளம் போடும் கையின் வேகம் மாறுவதில்லை. ஒரு தட்டுக்குள் விழும் ஸ்வரம்தான் ஒன்று, இரண்டு, நான்கு என்று பெருகுகிறது. கிட்டாரிலும் மெட்ரோனோமை 60இலேயே விட்டுவிட்டு ஒரே ஸ்கேலை (ஸ்வர வரிசையை) தட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மாற்றி மாற்றி வாசித்துப் பழகுவது மிக நல்ல தொடக்கம். மூன்றுக்குப் போகும்போது வாயால் "தகிட" என்றும் நான்குக்குப் போகும்போது "தகதிமி" என்றும் சொல்லிக்கொள்ளுங்கள். 1970களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு சக்தி குழுவில் வாசித்த கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், பிற்பாடு கஞ்சிரா கலைஞர் செல்வகணேஷோடு சேர்ந்து, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலையான கொன்னக்கோலைக் கற்றுத்தரும் டிவிடி ஒன்றையே வெளியிட்டார். வாயால் சீராகச் சொல்ல வராத கணக்கைக் கையால் சீராக வாசிக்க முடியாது. தடுமாற்றம் விரலில் இருப்பதுபோலத் தெரியும், உண்மையில் கணக்கில் இருக்கும்.

முதலில் கார்டு மாற்றம்

வேகம் என்றதும் மனம் லீடுக்கு, அதாவது ஒவ்வொரு நோட்டாக வாசிக்கும் பகுதிக்குப் போய்விடுகிறது. தொடக்கத்தில் இருப்பவருக்கு உண்மையில் தேவைப்படுவது கார்டு மாற்றும் வேகம்தான். இதை அளக்க ஜஸ்டின் சாண்டர்கோ என்ற கிட்டார் ஆசிரியர் தன் ஆன்லைன் பாடங்களில் பரப்பிய ஒரு வழி இருக்கிறது: ஒரு நிமிடம் அலாரம் வைத்துக்கொண்டு இரண்டு கார்டுகளுக்கு இடையே மாறி மாறிப் போய், எத்தனை மாற்றம் என்று எண்ணுவது. அவ்வளவுதான். செல்போன் போதும்.

எத்தனை வந்தால் போதும் என்பதைப் பாட்டே சொல்லிவிடும். 120 பிபிஎம்மில் ஒரு பாட்டு, ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) நான்கு தட்டு, பாருக்கு ஒரு கார்டு என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 30 பார், ஆக 30 மாற்றம். பாருக்கு இரண்டு கார்டு வந்தால் 60. உங்களுக்கு இப்போது 22தான் வருகிறது என்றால் அந்தப் பாட்டை 80 பிபிஎம்முக்கு இறக்கி வாசியுங்கள். பாருக்கு ஒரு கார்டாக 20 மாற்றம்தான் கேட்கும், தாராளமாக வரும். பாட்டை மனம்போன வேகத்துக்குக் குறைப்பதைவிட இப்படிக் கணக்குப் போட்டுக் குறைத்தால், என்றைக்கு ஒரிஜினலுக்குத் திரும்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

இந்த எண் ஏறாமல் நின்றுவிட்டால் விரல் வேகம் போதவில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் விரல் போக வேண்டிய தூரம்தான் அதிகமாக இருக்கும். சி மேஜரிலிருந்து ஜி மேஜருக்குப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். (கம்பிகளை மெல்லியதிலிருந்து தடித்தது வரை 1 முதல் 6 என்று எண்ணுவார்கள். ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள் பிரிக்கும் கட்டம்.) சி பிடிக்கும்போது மோதிர விரல் 5வது கம்பி 3வது ஃப்ரெட்டிலும், நடுவிரல் 4வது கம்பி 2வது ஃப்ரெட்டிலும் இருக்கும். ஜியைப் பலர் ஆள்காட்டி விரலை 5வது கம்பியிலும் நடுவிரலை 6வது கம்பியிலும் வைத்துப் பிடிக்கிறார்கள். அப்படிப் போனால் எல்லா விரலும் கலைந்து புதிதாக உட்கார வேண்டும். அதற்குப் பதில் மோதிர விரலை 6வது கம்பி 3வது ஃப்ரெட், நடுவிரலை 5வது கம்பி 2வது ஃப்ரெட், சுண்டு விரலை 1வது கம்பி 3வது ஃப்ரெட் என்று வைத்துப் பாருங்கள். மோதிர விரலும் நடுவிரலும் தங்களுக்குள் இருக்கும் அமைப்பு மாறாமல், ஜோடியாக ஒரு கம்பி தள்ளி உட்காருகின்றன. விரல் ஒன்றும் வேகமாகிவிடவில்லை. வேலை குறைந்திருக்கிறது. கிட்டாரில் வேகம் என்று நாம் பார்த்து வியப்பதில் பெரும்பங்கு இதுதான்.

எண்ணும்போது ஒரு கட்டுப்பாடு: எல்லாக் கம்பியும் சரியாக ஒலித்த மாற்றத்தை மட்டும் கணக்கில் சேருங்கள். அரைகுறையாக அமுங்கியதையும் சேர்த்து 50 என்று எழுதிவைப்பதில் பயனில்லை.

லீடில் "சுத்தம்" என்பது எது?

லீடுக்கு வருவோம். அளப்பதற்கு ஒரு துண்டு வேண்டும், அது சின்னதாகவும் எப்போதும் ஒரே மாதிரியும் இருக்க வேண்டும். 5, 6, 7, 8வது ஃப்ரெட்டுகளை நான்கு விரலாலும் வரிசையாக வாசித்து, 6வது கம்பியிலிருந்து 1வது கம்பி வரை வருவது எல்லாருக்கும் தெரிந்த பயிற்சி. மொத்தம் 24 நோட். தட்டுக்கு நான்கு என்றால் ஆறு தட்டில் முடியும். இசையாக இதில் ஒன்றும் இல்லை, அளவுகோலாக இது மிக நல்லது. கொஞ்சம் இசையாகவும் இருக்க வேண்டுமென்றால் 5வது ஃப்ரெட்டில் ஏ மைனர் பென்டாடோனிக் என்ற ஐந்து ஸ்வர ஸ்கேலை எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான கேள்வி. ஒரு வேகம் "வந்துவிட்டது" என்று எப்போது சொல்லலாம்? ஒரு முறை தப்பித்தவறி வந்ததை எல்லாம் வந்ததாகக் கொள்ள முடியாது. அதே வேகத்தில் அடுத்தடுத்து நான்கு முறை பிழையில்லாமல் வந்தால்தான் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை வந்து நான்காவது முறை உடைந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. இது கொஞ்சம் கறாரான விதிதான். ஆனால் இதைத் தளர்த்தினால் எழுதிவைக்கும் எண்ணுக்கு அர்த்தமே போய்விடுகிறது.

பிழை என்றால் தவறான நோட் மட்டும் அல்ல. விரல் ஃப்ரெட்டில் சரியாக அமுங்காமல் "டப்" என்று செத்து விழும் நோட் பிழை. பக்கத்துக் கம்பி கூடவே ஒலிப்பது பிழை. எல்லாவற்றையும்விடக் காதை ஏமாற்றுவது சீரில்லாமை: நான்கு நோட்டும் இருக்கும், ஆனால் மூன்றாவதும் நான்காவதும் ஒட்டிக்கொண்டு வரும். வாசித்துக்கொண்டிருக்கும்போது இது நமக்கே தெரியாது. கவனம் எல்லாம் கையில் இருப்பதால் காது மன்னித்துவிடுகிறது.

அதனால் பதிவு செய்யுங்கள். போனில் மெட்ரோனோம் சத்தமும் கேட்கும்படி பதிவு செய்து, பாதி வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள். முழு வேகத்தில் சரமாரியாக விழுந்த நோட்டுகளில் எது தடுமாறுகிறது என்பது பாதி வேகத்தில் தெளிவாகக் கேட்கும். கணினி இருந்தால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்தப் பதிவைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கம்பியைத் தொடும் ஒவ்வொரு இடமும் ஒரு முள்போல நிமிர்ந்து நிற்கும். 120 பிபிஎம்மில் தட்டுக்கு நான்கு என்றால் முள்ளுக்கு முள் 0.125 நொடி இருக்க வேண்டும். ஒரு இடைவெளி 0.15, அடுத்தது 0.10 என்று இருந்தால், எந்த விரல் தாமதம், எந்த விரல் அவசரம் என்று கண்ணாலேயே படித்துவிடலாம். பெரும்பாலானவர்களுக்கு மோதிர விரலிலிருந்து சுண்டு விரலுக்குப் போகும் இடத்தில் இது தெரியும். ஒரு முறை இதைப் பார்த்துவிட்டால், அப்புறம் வாசிக்கும்போதே காதுக்குப் பிடிபடத் தொடங்கும்.

எங்கே தடைப்படுகிறது என்று கண்டுபிடிப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டாரில் ஒரு நோட் பிறக்க இரண்டு கையும் இரண்டு வேறு வேலை செய்ய வேண்டும். இடது கை அழுத்துகிறது, வலது கை அடிக்கிறது. இரண்டும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். ஆக, வேகம் உடையும்போது காரணம் இடது கையாக இருக்கலாம், வலது கையாக இருக்கலாம், இரண்டும் சேரும் நேரமாக இருக்கலாம், ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடமாக இருக்கலாம். நான்கையும் தனித்தனியே அளக்க முடியும்.

வலது கைக்கு: இடது கையால் எதையும் அழுத்தாமல், 3வது கம்பியை மட்டும் கீழே, மேலே, கீழே, மேலே என்று மாற்றி மாற்றித் தட்டுக்கு நான்காக நான்கு பார் அடியுங்கள். எந்த வேகம் வரை சீராக, தோள் இறுகாமல் வருகிறது? அதை எழுதுங்கள். இடது கைக்கு: ஒரு முறை மட்டும் பிக்கால் அடித்துவிட்டு, 5-6-7-8ஐ ஹாமர்-ஆன் ஆகவே (பிக் இல்லாமல் விரலால் கம்பியைத் தட்டி ஒலிக்கவைப்பது) வாசித்து, புல்-ஆஃப் ஆக (விரலைச் சுண்டி எடுத்து ஒலிக்கவைப்பது) திரும்புங்கள். அதன் உச்சம் எவ்வளவு? அதையும் எழுதுங்கள். மூன்றாவதாக, ஒரே கம்பியில் இரண்டு கையையும் சேர்த்து 5-6-7-8. நான்காவதாக, ஆறு கம்பியிலும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். தட்டுக்கு நான்கு நோட் கணக்கில் ஒருவருக்கு வலது கை தனியாக 130, இடது கை தனியாக 112, ஒரே கம்பியில் இரண்டும் சேர்ந்து 108, ஆறு கம்பியில் 80 என்று வருகிறது. இவர் தினமும் விரல் பயிற்சியாகச் செய்துகொண்டிருந்தால் நேரம் வீண். கை இரண்டும் 108 வரை ஒத்துழைக்கின்றன. கம்பி மாறும் இடத்தில்தான் 28 பிபிஎம் காணாமல் போகிறது. இன்னொருவருக்கு 130, 112, 84, 80 என்று வந்தால் கதை வேறு. இவருக்குக் கம்பி மாற்றம் பிரச்சினையே இல்லை, இரண்டு கையும் ஒன்றாகச் சேரவில்லை. இரண்டு பேருக்கும் கடைசி எண் 80தான், இரண்டு பேரும் "எனக்கு ஸ்பீடு வரவில்லை" என்றுதான் சொல்வார்கள். செய்ய வேண்டிய பயிற்சி மட்டும் முற்றிலும் வேறு.

இடது கைதான் தடை என்று வந்தால், பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, தேவைக்கு மேல் அழுத்துவது. ஒரு நோட்டில் விரலை மெல்ல வைத்து, கரகரவென்று ஒலிக்கும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒலி தெளிவாகும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். எவ்வளவு குறைவான அழுத்தம் போதும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஃப்ரெட்டின் உலோகப் பட்டையை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் விரலை வைத்தால் இன்னும் குறைவாகவே போதும். இரண்டாவது, வேலை முடிந்த விரல் உயரத் தூக்கிக்கொள்வது. சுண்டு விரல் ஃப்ரெட்போர்டை விட்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே போய்த் திரும்பி வந்தால் அதற்கு நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

விரல்களின் எண்ணிக்கையோ நீளமோ பெரிய விஷயமில்லை என்பதற்கு ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் ஒருவரே போதும். 1928இல் அவர் வசித்த வண்டி தீப்பிடித்ததில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் ஏறக்குறைய செயலிழந்துபோயின. சோலோ வாசிப்பதைப் பெரும்பாலும் மிச்சம் இருந்த இரண்டு விரலிலேயே செய்தார். அவர் பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள், அந்த வேகத்துக்கு இன்றும் மூச்சு வாங்கும்.

இரண்டு கையும் சேர்வதுதான் தடை என்றால், அதற்கு ஒரே கம்பியில் இரண்டு நோட் போதும். 5-6, 5-6 என்று மாற்றி மாற்றி, பிக் படும் கணமும் விரல் அமுங்கும் கணமும் ஒன்றாகிறதா என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் 6-7, அப்புறம் 7-8. எந்த ஜோடியில் தேய்கிறதோ அதில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். தட்டின் முதல் நோட்டைச் சற்று அழுத்தி அடிப்பது இங்கே பெரிய உதவி. "தகதிமி தகதிமி" என்று அந்த முதல் அடியில் இரண்டு கையும் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன.

கம்பி மாறும் இடம்

இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலர் வருஷக்கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பிக், கம்பிகள் இருக்கும் தளத்துக்கு நேர் இணையாகக் கீழே மேலே போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடி அடித்து முடிக்கும்போது பிக் அந்தக் கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு நிற்கும். வேறு கம்பிக்குப் போக வேண்டுமானால் அதைத் தூக்கித் தாண்டவைக்க வேண்டும். மெதுவாக வாசிக்கும்போது தாண்டிவிடலாம். வேகத்தில் அந்தத் தாவலுக்கு நேரமே இல்லை. வேகமாக வாசிப்பவர்களின் பிக் சற்றுச் சாய்வான பாதையில் போகிறது. அதனால் ஒரு திசை அடி முடியும்போது பிக் தானாகவே கம்பிகளுக்கு மேலே, காற்றில் வந்து நிற்கும். அந்த அடிக்குப் பிறகு எந்தக் கம்பிக்கும் போகலாம். டிராய் கிரேடி என்ற அமெரிக்கர் பல கிட்டார் கலைஞர்களின் வலது கையை மிக அருகிலிருந்து படம்பிடித்து ஆராய்ந்து இந்த விஷயத்தை எல்லாருக்கும் புரியும்படி எடுத்துவைத்தார். வலது கை பற்றிய பேச்சையே அது மாற்றிவிட்டது என்பது என் கருத்து.

உங்கள் கையில் எந்த அடி காற்றில் முடிகிறது என்று பார்க்க, போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். ஒரே கம்பியில் வேகமாக அடித்துக்கொண்டே, கேமராவைக் கிட்டாரின் அடிப்பக்கத்திலிருந்து கம்பிகளின் நீளத்தை நோக்கி வையுங்கள். மேல் அடியில் பிக் வெளியே வருகிறது என்றால், மேல் அடியோடு ஒரு கம்பியை முடிக்கும் எதுவும் உங்களுக்குச் சுலபம். கீழ் அடியில் தொடங்கி, கம்பிக்கு இரண்டு நோட் இருக்கும் பென்டாடோனிக், கம்பிக்கு நான்கு நோட் இருக்கும் 5-6-7-8 இரண்டுமே அப்படித்தான். கம்பிக்கு மூன்று நோட் வரும் ஸ்கேலில்தான் சிக்கல். முதல் கம்பி கீழ் அடியில் முடிந்துவிடும், பிக் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இதற்கு எளிய வழி, மூன்றில் கடைசி நோட்டைப் பிக்கால் அடிக்காமல் ஹாமர்-ஆன் ஆக்கிவிடுவது. கீழ், மேல், ஹாமர். அடுத்த கம்பியில் மறுபடி கீழ், மேல், ஹாமர். ஒவ்வொரு கம்பியிலும் பிக் மேல் அடியோடு வெளியேறிவிடுகிறது. இது ஏதோ ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம், புகழ்பெற்ற பலர் இப்படித்தான் வாசிக்கிறார்கள். ஜாங்கோ வழிவந்த ஜிப்சி ஜாஸ் மரபில் வேறொரு தீர்வு: புதிய கம்பிக்குப் போகும்போதெல்லாம் கீழ் அடியிலேயே தொடங்குவார்கள், முந்தைய அடி எதுவாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு மரபும் இந்த ஒரே சிக்கலுக்குத் தன் வழியில் ஒரு தீர்வு கண்டிருக்கிறது.

வேகத்தை எப்படி ஏற்றுவது

எல்லாரும் சொல்லும் முறை: மெதுவாகத் தொடங்கு, சுத்தமாக வந்ததும் 5 பிபிஎம் கூட்டு. நல்ல முறைதான், இரண்டு திருத்தத்தோடு.

முதல் திருத்தம் அந்த 5. அறுபதிலிருந்து 65க்குப் போவது 8 சதவீதத்துக்கு மேல். 160இலிருந்து 165க்குப் போவது 3 சதவீதம். கைக்கு இரண்டும் ஒன்றல்ல. யோஹான் மெல்ட்செல் 1815இல் காப்புரிமை பெற்ற ஊசல் மெட்ரோனோமின் வழிவந்த பழைய கருவிகளில் எண்கள் எப்படி இருக்கும் தெரியுமா? 40இலிருந்து 60 வரை இரண்டிரண்டாக, 72 வரை மும்மூன்றாக, 120 வரை நான்கு நான்காக, 144 வரை ஆறாறாக, அதற்கு மேல் 208 வரை எட்டெட்டாக ஏறும். சதவீதத்தில் பார்த்தால் எல்லாப் படியும் ஏறக்குறைய ஒரே உயரம். இப்போதைய செயலிகளில் எந்த எண்ணையும் வைக்கலாம் என்பதால் இந்த நல்ல வழக்கம் போய்விட்டது. அந்தப் பழைய படிகளையே பின்பற்றுங்கள்: 60, 63, 66, 69, 72, 76, 80, 84 என்று.

இரண்டாவது திருத்தம் இன்னும் முக்கியம். மெதுவாக வாசிக்கும்போது கை செய்யும் அசைவும் வேகத்தில் செய்ய வேண்டிய அசைவும் ஒன்றாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. நடையை எவ்வளவுதான் வேகப்படுத்தினாலும் அது ஓட்டமாகிவிடாது. அறுபதில் முழங்கையிலிருந்து அடித்துப் பழகியவர் அதையே 120 வரை ஏற்ற முயன்றால் வழியில் எங்காவது நின்றுவிடுவார். வேகத்துக்கு மணிக்கட்டு அசைவு வேண்டும் என்பது அறுபதில் தெரியவே தெரியாது. அதனால் தொடக்கத்திலிருந்தே கொஞ்ச நேரம் உங்கள் எல்லைக்கு மேலான வேகத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும், ஆனால் மிகச் சின்னத் துண்டாக.

அதற்கு ஒரு பயிற்சி. மெட்ரோனோமை உங்கள் சுத்தமான வேகத்தைவிட 20, 30 கூடுதலாக வையுங்கள். முதல் தட்டில் 5வது ஃப்ரெட்டில் ஒரே ஒரு நோட். அடுத்த தட்டில் 5-6-7-8 நான்கும். அதற்கடுத்த தட்டில் பக்கத்துக் கம்பியின் 5வது ஃப்ரெட்டில் வந்து நின்றுவிடுங்கள். நிற்பதுதான் இதில் உயிர். தட்டின் மேல் சரியாகப் போய் இறங்கினீர்களா என்பதுதான் சோதனை. இறங்கியதும் கையைத் தளர விடுங்கள், இரண்டு தட்டு சும்மா போகட்டும், மறுபடி. நான்கு நோட் இப்படி நன்றாக வந்ததும் எட்டு நோட்டாக நீட்டுங்கள், அப்புறம் பன்னிரண்டு. நான்கு நோட்டை வேகமாக வாசிக்கும் கைக்கு 24 நோட்டை வாசிக்கவும் திறன் இருக்கிறது. நடுவில் இறுகாமல் இருக்க மட்டும் பழக வேண்டும்.

ஒரு நாள் பயிற்சி என்று பார்த்தால் இதற்கு 20 நிமிடம் தாராளம். கை சூடாக ஐந்து நிமிடம் மெதுவாக, பிறகு சோதனையில் கண்டுபிடித்த தடைக்கான பயிற்சி, கடைசியில் கொஞ்சம் இந்த வேகத் துண்டுகள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் 20 நிமிடம் நிச்சயமாக மேல். விரலால் ஒரு வரிசையைத் தட்டவைத்து நடத்திய ஆய்வுகளில், இரவு தூங்கி எழுந்தவர்கள் முந்தைய நாளைவிட வேகமாகவும் சரியாகவும் தட்டியது பதிவாகியிருக்கிறது. நேற்று வராதது இன்று காலையில் சட்டென்று வந்துவிடுவதை இசை கற்கும் எல்லாரும் கண்டிருப்பார்கள்.

அளப்பதை மட்டும் தினமும் செய்யாதீர்கள். தூக்கம், குளிர், அன்றைய வேலைக் களைப்பு எல்லாம் சேர்ந்து எண்ணை ஐந்து பத்து மேலே கீழே ஆட்டிவிடும், மனமும் சோர்ந்துவிடும். வாரத்துக்கு ஒரு முறை, கை சூடான பிறகு, அதே நேரத்தில் அளந்தால் போதும். நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதும் ஒரு வரிதான்: "5-6-7-8, ஆறு கம்பி, தட்டுக்கு 4. 84 சுத்தம். 92இல் 4வது கம்பியிலிருந்து 3வதுக்குப் போகும்போது உடைகிறது." கடைசி வாக்கியம் இல்லாமல் வெறும் எண்ணை எழுதினால் அடுத்த வாரம் எதில் உழைப்பது என்று தெரியாது. எண் மூன்று வாரம் நகரவில்லை என்றால் நான்கு சோதனையையும் மறுபடி செய்யுங்கள். முன்பிருந்த தடை தீர்ந்து, வேறொன்று முன்னால் வந்திருக்கும்.

வலியும் கருவியும்

விரல் நுனி எரிவது தொடக்கத்தில் சகஜம், தோல் காய்த்ததும் போய்விடும். மணிக்கட்டு, முன்கை, கட்டை விரலின் அடி ஆகிய இடங்களில் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மரத்துப்போனாலோ வலி சில நாளாகியும் போகவில்லை என்றாலோ மருத்துவரைப் பாருங்கள். வலியைத் தாங்கிக்கொண்டு வாசித்தால் வேகம் வரும் என்பது தவறான நம்பிக்கை, அது கையைக் கெடுக்கும்.

கருவியில் பார்க்க வேண்டியது முதலில் ஆக்‌ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம். ஸ்டீல் கம்பி போட்ட அகூஸ்டிக் கிட்டாரில் 12வது ஃப்ரெட்டில் 6வது கம்பி 3 மில்லிமீட்டருக்கு மேல் நின்றால், கிட்டார் சரிசெய்பவரிடம் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். விலை குறைந்த புதுக் கிட்டார்களில் இது அடிக்கடி இருக்கும் குறை, பழி மட்டும் பாவம் விரலுக்குப் போகிறது. பிக்கும் அப்படித்தான். 0.46 மில்லிமீட்டர் பிக் ஸ்ட்ரம்மிங்குக்கு (கம்பிகளைச் சேர்த்து வருடி வாசிப்பதற்கு) அருமை. வேகமான லீடில் அது வளைந்து நிமிர்வதற்குள் அடுத்த நோட் வந்துவிடும். 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள பிக்கில், அதன் நுனி மட்டும் சிறிதளவு வெளியே தெரியும்படி பிடித்து ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள்.

எவ்வளவு வேகம் போதும்?

சுத்தமாக 120இல் தட்டுக்கு நான்கு, அதாவது நொடிக்கு 8 நோட் வந்துவிட்டால், சினிமாப் பாட்டுகளிலும் சாதாரண ராக் பாட்டுகளிலும் வரும் லீடில் பெரும்பகுதி உங்கள் கைக்குள் வந்துவிடும் என்பது என் கணிப்பு. 160க்கு மேல் போவது மெட்டல் போன்ற சில வகைகளுக்குத்தான் கட்டாயம். அதில் ஆசை இருந்தால் தாராளமாகப் போகலாம்.

ஒரு பாட்டுக்காகப் பழகுகிறீர்கள் என்றால், இலக்கைப் பாட்டின் வேகத்திலேயே வைக்காதீர்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது வரும் உச்சம் மேடையில் வராது. நின்றுகொண்டு, கூட டிரம்ஸ் கேட்டுக்கொண்டு, ஆட்கள் பார்க்க வாசிக்கும்போது எண் இறங்கத்தான் செய்யும். லீட் பகுதி 100 பிபிஎம்மில் இருந்தால் 110இல் நான்கு முறை அடுத்தடுத்து சுத்தமாக வரும் வரை பழகுங்கள். பிறகு மெட்ரோனோமை அணைத்துவிட்டு ஒரிஜினல் பாட்டை ஓடவிட்டு அதன்மேல் வாசியுங்கள். கடைசியாக ஒரு முறை, நின்றுகொண்டு, யாராவது ஒருவரை எதிரில் உட்காரவைத்து வாசித்துப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவில் வரும் எண்ணைத்தான் நோட்டுப் புத்தகத்தில் பாட்டின் பெயருக்கு நேராக எழுத வேண்டும்.